கரப்பான் வந்த பிள்ளை: குளியலறையில் தொடங்கும் வைத்தியம்

முதலில் கன்னம்தான் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் குழந்தையின் இரு கன்னங்களும் சொரசொரத்து, சில நாட்களில் தடித்து, நீர் கசிந்து பொருக்குக் கட்டும். பால் வழிந்ததால் வந்தது என்பார் ஒருவர், சூடு என்பார் இன்னொருவர், திருஷ்டி என்று கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைப்பார் மூன்றாமவர். அதற்குள் நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்புறம் என்று அது பரவியிருக்கும். டயபர் கட்டும் இடம் மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும், அங்கே ஈரம் இருப்பதால்.

வீட்டில் கரப்பான் என்றும் எக்ஸிமா என்றும் சொல்லப்படும் இதைத் தோல் மருத்துவர் 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்று சீட்டில் எழுதுவார். வரும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு இடம் மாறும்: முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, மணிக்கட்டு, கணுக்கால். வெளிநாட்டுப் புத்தகங்களில் படம் பார்த்துவிட்டு, 'சிவப்பாக இல்லையே' என்று பல பெற்றோர் குழம்புகிறார்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருத்த பழுப்பாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும், சில சமயம் மயிர்க்கால்களைச் சுற்றிக் குருமணல் தூவியதுபோலச் சின்னச் சின்னப் புடைப்புகளாகவும் வரும். கண்ணை நம்புவதைவிட விரலை நம்பலாம். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு, குழந்தையைப் பார்த்தால் அரிப்பு. அரிப்பே இல்லாத கரப்பான் கிடையாது. மூன்று மாதக் குழந்தைக்குச் சொறியத் தெரியாது என்பதால், தூக்கிவைத்திருப்பவரின் தோளில் அது முகத்தைத் தேய்க்கும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும்: சொறிசிரங்கு. வீட்டில் இன்னொருவருக்கும் இரவில் அரிப்பு இருக்கிறதா, குழந்தையின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் அது ஒரு நுண்பூச்சி செய்யும் வேலை, அதற்கு மருந்து வேறு, வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டிய மருந்து. தலையில் மஞ்சளாகப் பிசுபிசுத்த செதில் மட்டும் இருந்து, அரிப்பில்லாமல் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால், அதுவும் பெரும்பாலும் கரப்பான் அல்ல. சில மாதங்களில் தானே உதிரும்.

ஏன் வருகிறது? 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அது. அதில் பழுது உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிக அதிகம். எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பழுதுதான் காரணம் என்றில்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு மருத்துவர்கள் நோயைப் பார்க்கும் கோணம் மாறியது. 'ரத்தத்தில் கெட்டது இருக்கிறது, அது தோல் வழியே வெளியேறுகிறது' என்ற பழைய எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. கோளாறு தோலின் தடுப்பிலேயே இருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியிலிருக்கும் சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன, உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறது. எனவே 'உள்ளே அமுக்கிவிடக் கூடாது, வெளியே வரட்டும்' என்று காத்திருப்பதில் குழந்தைக்குக் கிடைப்பது கூடுதல் அரிப்பு மட்டுமே.

இப்போது குளியலுக்கு வருவோம். நம் வீடுகளில் பச்சிளம் குழந்தையின் குளியல் ஒரு சடங்கு. காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீவி, பயத்த மாவோ கடலை மாவோ போட்டுத் தேய்த்து, ஆவி பறக்கும் தண்ணீரை மொண்டு ஊற்றி, துடைத்து, சாம்பிராணி காட்டி, பவுடர் அடித்து, மை வைத்துத் தூங்கப் போடுவார்கள். தோல் நன்றாக உள்ள குழந்தை இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். கரப்பான் உள்ள குழந்தைக்கு இந்த வரிசையில் பாதியை நிறுத்த வேண்டும். இந்த அத்தியாயத்தில் உருப்படியான யோசனை ஒன்றுதான் உண்டென்றால் அது இதுவே: புதிதாகப் பூசத் தேடுவதைக் குறைத்து, ஏற்கெனவே பூசுவதில் பலவற்றைக் கைவிட்டு, மிஞ்சும் ஒன்றிரண்டைத் தாராளமாகப் பூசுவது.

மாவிலிருந்து தொடங்கலாம். நலங்கு மாவு 'இயற்கை' என்பதால் சோப்பைவிட மென்மை என்று நினைக்கிறார்கள். எவ்வளவு சலித்தாலும் அதன் துகள்கள் வெடித்த தோலை உரசும், இருக்கும் கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். கடையில் விற்கும் கலவைகளில் கார்போக அரிசி சேர்ப்பதும் உண்டு. அதிலுள்ள சோராலென் வெயில் பட்டால் தோலைக் கொப்பளிக்க வைக்கக்கூடிய பொருள், வெண்புள்ளிக்கு மருந்தாகப் பயன்படுவதே அதற்காகத்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. உணவுப் பொருளை வாய்வழி உண்டால் உடல் அதைப் பழகிக்கொள்கிறது. புண்ணான தோல்வழி ஏறினால் எதிரியாக அடையாளம் குறித்துக்கொள்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாமல் போனது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் தொல்லையில்லாமல் சாப்பிட்டவர்கள் அவர்கள். பயறும் கடலையும் பாலாடையும் கரப்பான் மேல் தேய்த்தால் அப்படித்தான் ஆகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் உடைந்த தோலில் சாப்பாட்டைத் தேய்க்காமலிருப்பது நல்லது.

வழக்கமான கட்டி சோப்பு காரத்தன்மை கொண்டது. 'பேபி' என்று பெட்டியில் எழுதியிருப்பதால் அது மாறிவிடாது. தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. மணமில்லாத, சோப்பு சேராத கழுவு திரவத்தை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். கையிருப்பில் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மட்டும் கவனமாகக் கழுவினால் ஆயிற்று. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம். தினமும் குளிப்பாட்டலாம். நம் ஊர் வியர்வைக்கு அது அவசியமும்கூட, வியர்வை உப்பு காய்ந்தால் அரிப்பு கூடும்.

வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், குப்பைமேனி அரைத்த விழுது, மஞ்சள்: இவற்றைப் பற்றிக் கேட்காத பாட்டி இல்லை. தோலை எரிக்கும் பச்சிலை எதுவும் கசிகிற புண்ணுக்கு ஆகாது. குப்பைமேனியை உள்ளுக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ளவர்கள் அதை உண்டு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனைக்கு வந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தம் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. சாம்பிராணிப் புகையும் பவுடரும் வாசனைத் தைலமும் இந்த ஒன்றிரண்டு ஆண்டுக்காவது பரணில் இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிக்கு நல்ல செய்தி உண்டு. பிலிப்பைன்ஸில் லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. சுத்தமான தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. மாறாக, பிரசவப் பரிசுப் பெட்டிகளில் தவறாமல் இடம்பெறும் ஆலிவ் எண்ணெய், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்களிடம் செய்த சோதனையில் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்தியது. விலை கூடியது நல்லது என்ற கணக்கு இங்கே தலைகீழ். தேங்காய் எண்ணெயில் மிளகோ ஓமமோ வேறெதுவுமோ போட்டுக் காய்ச்ச வேண்டாம்.

குளித்து முடிந்ததும் துண்டால் ஒற்றி எடுக்கவும், தேய்க்க வேண்டாம். உடம்பில் லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசரைப் பூசிவிட வேண்டும். எந்த மாய்ஸ்சரைசர்? இதற்காகவே பிரிட்டனில் 550 குழந்தைகளை வைத்து லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு என நான்கு வகையையும் ஒப்பிட்டார்கள். 2022-ல் வந்த முடிவு: நான்குக்கும் பலனில் வித்தியாசமில்லை. எதைக் குழந்தை எரிச்சலின்றி ஏற்கிறதோ, எதை வீட்டார் சலிக்காமல் தினம் பூசுகிறார்களோ அதுவே நல்லது. மணம் சேர்க்காததாக இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் லிக்விட் பாரஃபினும், பெட்டிக்கடையில் கிடைக்கும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் இந்த வேலையைச் செய்யும். சென்னைக் கோடையில் கெட்டியான களிம்பு வியர்வையை அடைத்து வேர்க்குருவைக் கிளப்பலாம், அப்போது க்ரீமுக்கு மாறி, மார்கழியில் களிம்புக்குத் திரும்பலாம்.

பிழை நடப்பது பெரும்பாலும் அளவில். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை மாய்ஸ்சரைசர் எழுதச் சொல்கின்றன. கைக்குழந்தையின் உடம்பு சிறிது, அதில் பாதிக்கும் குறைவாகச் செலவாகலாம். ஆனால் நம் வீடுகளில் 50 கிராம் டியூப் ஒன்று மாதம் முழுக்க ஓடுகிறது. 'பூசினேன், கேட்கவில்லை' என்று வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டியூப் எத்தனை நாளில் தீர்ந்தது என்பதே. தினம் இரண்டு வேளையாவது, புண் உள்ள இடத்தில் மட்டுமின்றி உடம்பு முழுக்க, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே பூச வேண்டும். டப்பாவில் வாங்கினால் விரலை விட்டு எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுக்கவும். எண்ணெயும் களிம்பும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கு, சாம்பிராணிக் கரி, தீபாவளி மத்தாப்பு பக்கம் குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம்.

மாய்ஸ்சரைசர் வறட்சியைப் பார்த்துக்கொள்ளும், பற்றி எரியும் அழற்சியை அது அணைக்காது. அதற்குத்தான் ஸ்டீராய்டு களிம்பு. பெயரைக் கேட்டதும் மருத்துவரின் மேசைக்கு எதிரே இருப்பவர்களின் முகம் மாறும்.

"டாக்டர், இதுல ஸ்டீராய்டு இருக்காமே? கூகுள்ல பார்த்தோம். கொழந்தைக்குப் போய்..."

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மூன்று மருந்து கலந்த டியூப்கள் நம் மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைக்கின்றன. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற மிக வீரியமான ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு அப்பா பூசியதையே குழந்தையின் தொடை இடுக்கிலும் பூசிவிடுகிறார்கள். டயபருக்குள் அடைபட்ட மெல்லிய தோல் மருந்தைப் பல மடங்கு உறிஞ்சும். முகம் உப்பி, உடம்பு பருத்து, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டு போராடியதைத் தொடர்ந்து, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுமருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கவுண்டரில் டியூபும் இருக்கிறது.

ஆனால் மருத்துவர் குழந்தையின் முகத்துக்கு எழுதும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், வீரிய வரிசையில் கடைசிப் படியில் நிற்பது. குளோபெட்டசால் உச்சிப் படி. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பயப்படுவதால் என்ன நடக்கிறதென்றால், மருந்தைக் கடுகளவு தொட்டு, இரண்டு நாள் பூசி, சற்றுக் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அழற்சி முழுதும் அடங்கவில்லை, வாரக் கடைசியில் மீண்டும் கிளம்புகிறது, மறுபடி கடுகளவு. இப்படி ஆறு மாதம் பூசுவதைவிட, சொன்ன அளவில் ஒரு வாரமோ பத்து நாளோ தொடர்ந்து பூசித் தோல் தடவினால் வழவழவென்று ஆனபின் நிறுத்துவதில் மொத்தத்தில் மருந்து குறைவாகவே செலவாகும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. டியூபிலிருந்து பெரியவரின் சுட்டுவிரல் நுனி முதல் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்பளவுக்குப் போதும், விரல்களையும் சேர்த்து. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அப்படி ஒரு விரல்நுனி, ஒரு கை முழுதுக்கும் ஒன்று, ஒரு காலுக்கு ஒன்றரை. 1991-ல் லாங், ஃபின்லே என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் வகுத்த இந்த முறையைத் தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பூசவேண்டிய இடத்தில் மட்டும், பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை. மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் இடையே கால் மணி, அரை மணி விட்டால் ஒன்றையொன்று கரைக்காது. அடிக்கடி ஒரே இடத்தில் திரும்ப வருகிறதென்றால், அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே பூசச் சொல்லலாம். ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பும் இருக்கிறது, இரண்டு வயதுக்கு மேல் மருத்துவர் எழுதுவார்.

செலவு வைக்கும் பொருட்களைப் பற்றியும் சொல்லிவிடலாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதென்று பல ஆயிரம் கொடுத்து மென்னீர்க் கருவி பொருத்துகிறார்கள். பிரிட்டனில் 336 பிள்ளைகளின் வீடுகளில் பொருத்திப் பார்த்ததில் (2011) கரப்பானில் வித்தியாசம் எதுவும் காணவில்லை. 'மருத்துவப் பட்டு' உடைகளை 300 பிள்ளைகளுக்கு ஆறு மாதம் போட்டுப் பார்த்தார்கள் (2017), அதிலும் இல்லை. குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவைகளுக்கும் அதே கதை, 2018-ல். அந்தக் காசுக்கு மாய்ஸ்சரைசர் வாங்கலாம். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த, பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சட்டை கரப்பான் குழந்தைக்கு ஏற்ற உடை. ஜரிகை வைத்த பட்டுப்பாவாடை, நைலான் ஃபிராக் எல்லாம் புகைப்படம் எடுக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும்.

அடுத்து சாப்பாடு. கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு எல்லாவற்றுக்கும் 'கரப்பான் பண்டம்' என்று பெயர் வைத்துத் தாய்ப்பால் கொடுக்கும் தாயின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. பிறகு முட்டை போகும், பால் போகும், கடைசியில் ரசம் சோறும் இட்லியும் மிஞ்சும். தாய் இப்படிப் பத்தியம் இருப்பதால் குழந்தையின் கரப்பான் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ராத்தூக்கம் கெட்டு, பால் கொடுத்துக் களைத்தவளைப் பட்டினி போடுவதற்கு இது காரணமாகக் கூடாது.

உணவு ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே உண்டு, குறிப்பாகச் சின்ன வயதிலேயே கடுமையாகக் கரப்பான் வந்தவர்களுக்கு. அதன் அடையாளம் தெளிவானது: குறிப்பிட்ட உணவு வாயில் பட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி, இருமல். அப்படி எதுவும் இல்லாமல், 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று நாற்பது ஐம்பது உணவுகளுக்கு ஐஜிஇ ரத்தப் பரிசோதனை எடுத்தால், கரப்பான் குழந்தைக்குப் பலவற்றில் 'பாசிட்டிவ்' வரும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத உணவுக்குக்கூட வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தையின் எடைதான் குறையும்.

நிறுத்திவைப்பதே ஒவ்வாமையை வளர்க்கும் என்பதற்கும் சான்று உண்டு. லண்டனில் கிடியன் லாக் குழுவினர் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை, நான்கு முதல் பதினோரு மாத வயதில், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றதற்கு அறவே தவிர்த்தார்கள். தொடக்கத் தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளில், ஐந்து வயதில் தவிர்த்தவர்களுக்கு 13.7 சதவீதமும் சாப்பிட்டவர்களுக்கு 1.9 சதவீதமும் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. 2015-ல் வந்த இந்த முடிவு உலகெங்கும் ஆலோசனையை மாற்றிவிட்டது. எனவே ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது முட்டையையும் வேர்க்கடலையையும் ஒத்திப்போட வேண்டாம். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், கடலையை மாவாக அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும். முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும், ஐந்து வயதுவரை கூடாது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு முதல் வாய் ஊட்டுமுன் மருத்துவரிடம் பேசிவிடவும்.

தடுப்பூசி அட்டவணை வழக்கம்போலவே தொடரும். ஊசி போடும் இடத்தில் புண் இருந்தால் வேறு இடம் பார்ப்பார்கள், அவ்வளவே.

இரவில்தான் வீடு களைத்துப்போகும். நகத்தை வாரம் இருமுறை வெட்டி ஓரத்தைத் தேய்த்து விடவும். மின்விசிறியோ ஏசியோ போட்டு அறையைக் குளுமையாக வைக்கவும், கம்பளியால் சுற்ற வேண்டாம். அரிப்பெடுத்து அழும்போது ஃபிரிட்ஜில் வைத்த மாய்ஸ்சரைசரைப் பூசினால் பல குழந்தைகள் அடங்கும். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி சிரப்பைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது தவறு. கரப்பான் அரிப்பை அது பெரிதாகக் குறைப்பதில்லை, கைக்குழந்தைக்கு அது பாதுகாப்பும் அல்ல.

கரப்பான் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி எளிதில் குடியேறும். தேன் நிறப் பொருக்கு, சீழ், திடீரெனக் கூடும் கசிவு, காய்ச்சல் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதைவிட அவசரம், ஊசியால் குத்தி எடுத்ததுபோல ஒரே அளவில் வட்ட வட்டமான குழிப்புண்கள் கூட்டமாகத் தோன்றி, குழந்தை சுருண்டு படுப்பது. உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான் மேல் பரவினால் இப்படி ஆகும். கண்ணருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உதட்டில் புண் உள்ள உறவினர் குழந்தையைக் கொஞ்சி முத்தமிடாமல் தடுப்பது, மனத்தாங்கல் வந்தாலும், வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி செல்லும் வயதுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். சிலருக்குத் தொடரும், சிலருக்கு மூக்கடைப்பு, வீசிங் என்று வேறு வடிவில் வரும்.

கரப்பான் அடங்கிய இடத்தில் வெளுத்த திட்டுகள் தெரியும்போது வீட்டில் புதிய கலவரம் ஒன்று எழும். வெண்புள்ளியோ என்று பயந்து, ஸ்டீராய்டு களிம்பைக் குற்றம் சாட்டி, மருந்தை நிறுத்துவார்கள். சாதாரணமாக அது அழற்சி விட்டுச்சென்ற நிறக்குறைவு, சுண்ணாம்பு வெள்ளையாக இராது, ஓரம் மங்கலாக இருக்கும். நிறம் திரும்பச் சில மாதம் பிடிக்கும். அந்த இடத்தில் வெண்புள்ளி மருந்தோ நிறம் தரும் க்ரீமோ பூச வேண்டாம். வழக்கமான மாய்ஸ்சரைசரைத் தொடர்ந்து பூசி, ஆறேழு மாதத்துக்குப் பிறகும் நிறம் வரவில்லையென்றால் தோல் மருத்துவரிடம் காட்டலாம்.